நாகையா ஏன் யாஷிக்காவை விடவில்லை

ஓடிப்போனானாம்! ஓடிப்போகிறவன் கக்கூஸ் சந்து வழியாகப் போவான். என் கொழுந்தன் நாகையா முன்வாசல் வழியாகப் போனான். காலை வெயிலில், அத்தனை சனமும் பட்டு கட்டிக்கொண்டு நின்று பார்க்கப் போனான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு இந்த அவல் கிடைத்தது. இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி சொல்கிறாள், பரிசம் போடுகிற அன்றைக்குப் பெண் வேண்டாம், ஜப்பான்காரன் கேமராதான் வேண்டும் என்று போய்விட்டான் என்று. அவள் மருமகன் சொல்கிறான், அந்தக் கேமராவில் குட்டிச்சாத்தான் இருந்தது, அதனால்தான் அவன் வேறு கேமராவைத் தொடமாட்டான் என்று. இன்னொருத்தி, கேமராக் கடைச் சீனத்தி மேல் அவனுக்குக் கண் என்கிறாள். எந்தச் சீனத்தி? அந்தக் கடையில் இருந்தது பல் இல்லாத ஒரு சீனக் கிழவன். அவன் மேலா ஆசைப்பட்டான் நாகையா?

ரமணி, அம்மா சொல்வதை அப்படியே எழுது. அழகு பண்ணாதே.

நாகையா யாஷிக்காவைத் தவிர வேறு கேமராவைக் கையால் தொடாததற்குக் காரணம் பயம். ஒரு கண் போனவனுக்கு மற்றக் கண்ணும் போய்விடுமோ என்கிற பயம். சாத்தானும் இல்லை, சீனத்தியும் இல்லை. இப்போது அவனுக்குப் பார்வை இருக்கிறதா, எப்படி இருக்கிறான் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசத் தெரிந்தவர்கள் மூஞ்சிக்கு முன்னால் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். அவன் ஏன் அப்படி இருந்தான், அன்றைக்கு ஏன் போனான், அது மட்டும்தான் என் பேச்சு.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தண்டவாளத்தில் வேலை. வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா, தம்பி நாகையா. ரமணி தவழ்கிற பிள்ளை. சமைக்கிற குசினிக்கும் குளிக்கிற இடத்துக்கும் நடுவில் சாமான் போட்டு வைக்க ஒரு பொந்து உண்டு. ஜன்னல் கிடையாது. அதில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு நாகையா படுத்துக்கொள்வான். பகலிலும் அங்கே இருட்டுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வேலை செந்தூலில் ஒரு இரும்புப் பட்டறையில். கலியாண வயது. நல்ல நிறம், சிரித்த முகம். ஒருநாள் இரும்பைத் தேய்க்கும்போது ஒரு பிசிறு தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது. கடுகு இருக்கும், அவ்வளவுதான். கையில் பட்டிருந்தால் ஊதிவிட்டுப் போயிருப்பான்.

பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டர் விநாயகமூர்த்தி என்று ஒரு யாழ்ப்பாணத்தார். பொறுமையான மனிதர். எங்களை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னார்:

"வலது கண் முடிஞ்சுது. அதில இனிப் பார்வை வராது. ஆனா நான் சொல்ல வந்தது இடது கண்ணைப் பற்றி. ஒரு கண் இப்பிடிக் குத்துப்பட்டுச் செத்தால், சில பேருக்கு மற்றக் கண்ணும் அதோட சேர்ந்து போகப் பார்க்கும். ஒரு மாதத்திலயும் வரலாம், பத்து வருஷத்திலயும் வரலாம், வராமலும் விடலாம். பழுதான கண்ணை இப்பவே எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை."

அக்காள் செத்தால் தங்கச்சியும் கூடவே போகிற கதை கேட்டிருக்கிறேன். கண்ணுக்கும் அப்படி உண்டு என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

என் மாமியார் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடுக்கிறதா? எம்புள்ளையை மூளியாக்கவா நான் பெத்தேன்? மூளி எதுக்க வந்தா சனம் வீட்டுக்குள்ள திரும்பிப் போகுது. அவன் கையால ஒருத்தி தாலி வாங்கிக்குவாளா? செத்த கண்ணா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். குழி வேணாம்."

"அம்மா, செத்த கண் சும்மா இருக்காது. மற்றதையும் கூப்பிடும்."

"என் முருகன் பாத்துக்குவான்."

டாக்டர் நாகையாவைப் பார்த்தார். பாதி முகம் கட்டோடு கிடந்தவன், "அம்மா சொன்னாச் சரி டாக்டர்" என்றான். வேறு என்ன சொல்வான்? உடைந்த சிலையைக் கும்பிடாத சாதி நாம். மூக்கு உடைந்தால் ஆற்றில் போட்டுவிட்டு வேறு சிலை வைக்கிறோம். மனுசனையும் அப்படித்தானே பார்க்கிறோம்.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரிக் கூடவே குடியிருந்தது. "இடது கண்ணைக் கவனிச்சுக்கொண்டு இருங்கோ. சிவந்தால், பார்வை புகைச்சலாக் கண்டால், விளக்கைச் சுற்றி வெளிச்சம் பரவினால், அண்டைக்கே வந்திட வேணும். நாளைக்குப் பார்ப்பம் எண்டு இருக்கப்படாது."

வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான். பட்டறை முதலாளி தௌக்கே, தேய்க்கிற வேலையிலிருந்து எடுத்து, சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் குசினிக்கு வந்து பல்பைப் பார்ப்பான். பிறகு சாமிப்படக் காலண்டரைப் பார்ப்பான். பிறகு வாசலுக்குப் போய் மாமரத்தைப் பார்ப்பான். கடைசியில் என்னிடம் வருவான்.

"அண்ணி, இன்னைக்கு மப்பா இருக்கா, இல்ல எனக்கு மட்டும் அப்படித் தெரியுதா?"

"மேகம்டா தம்பி."

"குசினி லைட்டு மங்கலா எரியுதே?"

"பல்புல புகை ஏறியிருக்கு. தொடைக்கணும்."

அவன் சிரிப்பான். ஆனால் கையைப் பிடித்துப் பார்த்தால் ஐஸ் தண்ணீரில் முக்கின மாதிரி இருக்கும். இப்படியே தினமும். சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போது பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்ப்பான். அவன் நிறுத்தினால் எனக்கும் சோறு இறங்காது. ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது. மாமியார் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். கண் கூச்சம், அதனால்தான் கறுப்புக் கண்ணாடி என்று சொல்லி வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கேமரா வந்தது. பட்டறையில் கூட வேலை செய்த ஆ லியோங் என்கிற சீனப் பையன் சிங்கப்பூருக்குப் போகிறான். சொல்லிக்கொள்ள வந்தவன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி நாகையா கழுத்தில் போட்டான். "அம்பிக் லா, அம்பிக் லா" என்றான். எடுத்துக்கோ என்று அர்த்தம். நாகையா வேண்டாம் என்று கையை ஆட்டினான். ஆ லியோங் அதற்குள் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டான். அதுதான் முதல் யாஷிக்கா.

அதில் ஒரு விசேஷம் உண்டு. பொத்தானை லேசாக அழுத்தினால், வெளிச்சம் போதாத இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மேலே ஒன்று தெரியும், கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குள்ளேயும் தெரியும். கையை ஆட்டாமல் பிடி, இருட்டாக இருக்கிறது என்று படம் எடுக்கிறவனுக்குச் சொல்கிற விளக்கு. அவ்வளவுதான் அதன் வேலை.

நாகையாவுக்கு அது வேறு வேலை செய்தது. அதை நான் தெரிந்துகொள்ள நாளானது. அதற்கு முன்னால் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். விடியற்காலம் காப்பி போட எழுந்து வருவேன். அந்தப் பொந்துக்குள் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். இருட்டுச் சுவரில் என்ன படம்? படம் தட்டுகிற சத்தமும் கேட்காது. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். ஒருநாள் உப்புக் கேட்டுப் பின்பக்கமாக வந்த தங்கமணியும் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது? உங்க கொழுந்தன் இருட்டுல யாரைப் படம் புடிக்கிறாரு?"

"சும்மா தொடைக்கிறான்."

"தொடைக்கிறவரு கண்ணுல வச்சுக்கிட்டா தொடைப்பாரு? பொட்டிக்குள்ள எதுவோ மஞ்சளா முழிக்குது."

உப்பை வாங்கிக்கொண்டு போனவள் ஊருக்கே சோறு போட்டுவிட்டாள்.

பிறகு ஒரு காலையில் பொந்துக்குள்ளிருந்து, "அண்ணி!" என்று ஒரு குரல். அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி அழுத்தி விடுகிறான்.

"போச்சு அண்ணி. தெரியல. மஞ்சள் தெரியல."

"எந்த மஞ்சள்?"

"இதுல. இதை அமுக்குனா மஞ்சள் வரும். தினம் வரும். இன்னைக்கு வரல. கண்ணு போச்சு அண்ணி."

கேமராவை வாங்கி, அவன் காட்டின இடத்தில் என் கண்ணை வைத்தேன். அழுத்தினேன். இருட்டு. இன்னொரு தரம் அழுத்தினேன். மேலே பார்த்தேன். அங்கேயும் இருட்டு.

"எனக்கும் தெரியலையே நாகையா."

"என்ன?"

"எனக்கும் ஒன்னும் தெரியல. எனக்குமா கண்ணு போச்சு?"

என் முகத்தையே பார்த்தான். "என் முகம் தெரியுதா?" என்றேன். தலையாட்டினான். பிறகு கேமராவைத் திருப்பி அடியில் திருகித் திறந்தான். உள்ளே இருந்த பேட்டரியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. சிரிப்பா அழுகையா தெரியாது. மாமியார் எழுந்து வந்து, "என்னடா காலங்காத்தால இளிப்பு?" என்று திட்டுகிற வரைக்கும் நிற்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோனது.

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னான். மேகத்தை நம்பமுடியாது, பல்பை நம்பமுடியாது, காலண்டர் நாளுக்கு நாள் வெளுத்துப்போகிறது. ஜன்னல் இல்லாத அந்த இருட்டில் இந்த மஞ்சள் ஒன்றுதான் நேற்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கும். அது சின்னதாக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் கண் பிழைத்திருக்கிறது. ஓரம் கலைந்தால் வந்துவிட்டது.

"பேட்டரி தீந்தாலும் மங்கும்ல?" என்றேன்.

"மங்கும். அதுக்குத்தான் மாத்திக்கிட்டே இருக்கணும். இந்தத் தடவை மறந்துட்டேன்."

"இனிமே நானும் பாக்குறேன். நான் பாத்துட்டு உனக்குச் சொல்றேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் முதலில் நான் பார்ப்பேன், பிறகு அவன் பார்ப்பான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மஞ்சள் தெரியும். "பொட்டு மாதிரி இருக்கு" என்பேன். அவன் பார்த்துவிட்டு, "பொட்டுதான்" என்பான். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் காப்பி.

படம் எடுக்கிற ஆசை அதற்குப் பிறகு வந்ததுதான். விளக்குக்காக வைத்துக்கொண்டவன் கேமராவோடு சேர்ந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்பிவிடுவான். கிள்ளானுக்குப் போய் ஆற்றுப் பாலத்தில் நிற்பான். செந்தூலில் மார்க்கெட்டுக்குள் நுழைவான். அவன் எடுப்பதெல்லாம் முகம்தான். மீன் வெட்டுகிறவர் முகம், பூக்காரி முகம், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் முகம். இடது கண்ணில் கேமராவை வைத்தால் ஃபிலிமைத் தள்ளுகிற கம்பி அவன் வலது கண்ணில் இடிக்கும்.

"குத்தப்போகுதுடா!" என்று நான் பதறுவேன்.

"குத்தட்டும் அண்ணி. அந்த வீட்டுல ஆள் இல்ல."

இப்படிப் பேசுகிறவன்தான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கே கண்ணு போச்சுன்னா இத்தனை போட்டோவையும் வச்சு என்னடா பண்ணுவே?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "போட்டோ மத்தவங்களுக்கு அண்ணி. எடுக்குறப்ப உத்துப் பாக்குறேன் பாருங்க, அது எனக்கு" என்றான்.

இப்போது தங்கமணியின் மாமியார் கதைக்கு வருகிறேன். கிழவி படுக்கையில் கிடந்தாள். நடு அறை, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். போய்ச் சேருவதற்குள் ஒரு நல்ல படம் எடுத்து வைக்கணும் என்று தங்கமணிதான் நாகையாவைக் கூப்பிட்டாள். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் வேண்டுமே. இருட்டு அறையில் மஞ்சள் எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. தங்கமணி பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி கொஞ்ச நாளில் போய்விட்டாள். பிறகு கோடி வீட்டுத் தாத்தா. அவரும் படுக்கை, அதே இருட்டு, அதே மஞ்சள். அவரும் போனார். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஆள் போய்விடும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சாகக் கிடப்பவர்களைத்தான் இருட்டில் போட்டு வைக்கிறோம், இருட்டில்தான் அந்த விளக்கு எரிகிறது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பிள்ளைத்தாய்ச்சிகள் நாகையா வருகிற வழியில் நிற்கமாட்டார்கள். நானே ஒருநாள் ரமணியை அவன் படம் எடுக்கும்போது விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். எரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது.

"வேற கேமரா வாங்கேண்டா, இந்தப் பேச்சாவது நிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அவன் கேமராவை எடுத்துக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டான்.

அந்த வருஷம் தைப்பூசத்தில் பத்துமலை ஆற்றங்கரைக் கூட்டத்தில் எவனோ இடித்து, வார் அறுந்து கேமரா தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்துக் காயவைத்தும் பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் கவிழ்ந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை நான் பொந்துக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கும் பார்க்க ஒன்றும் இல்லை. எப்படிச் சொல்வேன், தாயத்து அறுந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கப்பலில் வேலை செய்கிற விஜயன் எங்கள் வரிசையில் இருந்தான். நல்ல பையன். விஷயம் கேள்விப்பட்டுப் புத்தம் புதுக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அது வேறு கம்பெனி.

"அண்ணே, இதைப் பாருங்க. உள்ள ஊசி ஆடும். ஊசி நடுவுல நின்னா அமுக்குங்க, படம் டாப்பு. உங்க பழசெல்லாம் குப்பை லா."

"வேணாம் விஜயா."

"சும்மாதாண்ணே தர்றேன்! எனக்கு வேற இருக்கு."

"யாஷிக்கா எங்கயாச்சும் இருந்தாச் சொல்லு."

விஜயன் என்னைப் பார்த்தான். "என்னக்கா உங்க கொழுந்தன்? கல்யாணம் கட்டுன மாதிரிப் பேசுறாரு!"

அவன் போனதும் நானும்தான் சத்தம் போட்டேன். கொடுக்கிற பிள்ளை மனசு நோகலாமா? நாகையா எழுந்து குசினிக்குள் போனான். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, நான் அரிசி அளக்கிற பால் டின்னை எடுத்து வந்தான். ஒரு பக்கம் நசுங்கின பழைய டின்.

"இதை ஏன் அண்ணி தூக்கிப்போடாம வச்சிருக்கீங்க? புது டின் எத்தனையோ கிடக்குதே."

"அதுல அளந்துதாண்டா எனக்குப் பழக்கம். வேறதுல அளந்தா சோறு கூடுதா கொறையுதான்னு தெரியாது."

"எனக்கும் அதான். வேற விளக்குல பாத்து மங்கலாத் தெரிஞ்சா, விளக்கு மங்கலா, கண்ணு மங்கலா? யாரு சொல்லுவா?"

கிள்ளானில் ஒரு கடையில் அதே யாஷிக்கா பழசாக ஒன்று கிடைக்கிற வரைக்கும் அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அந்தக் கடைக் கிழவன்தான் உங்கள் சீனத்தி. வாங்கி வந்த மறுநாள் காலையில் நான் முதலில் பார்த்தேன். அதே மஞ்சள், அதே இடம். "பொட்டு" என்றேன். அவன் கேமராவை வாங்கின வேகத்தில் என் விரல் மடங்கிவிட்டது.

கலர் டிவி வந்த அடுத்த வருஷம் பெண் பார்த்தார்கள். கிள்ளானில் பக்கிரிசாமி என்கிறவரின் மகள் அமிர்தவல்லி. ஆஸ்பத்திரிச் சலவைக்கட்டில் வேலை. அமைதியான பெண். நாகையாவுக்கும் பிடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடி ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, என் மாமியார் முந்திக்கொண்டு, "வெயில் ஆகாது" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் நாகையா அண்ணன்காரரைச் சுரண்டிக்கொண்டே வந்தான்.

"சொல்லிடுவோம் அண்ணே. ஒரு கண்ணு இல்லன்னு சொல்லிடுவோம்."

"பரிசம் முடியட்டும்டா. கைநனைச்ச பொறவு சொன்னா ஒன்னும் பெருசாத் தெரியாது."

பரிசத்தன்றைக்குக் காலை. முன்னறை முழுக்கத் தட்டு. பழம், தேங்காய், பூ, சேலை. வேன் வந்து வாசலில் நிற்கிறது. தங்கமணி முதல் ஆளாகப் பட்டு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சந்தடியில் காலையில் விளக்குப் பார்க்க நான் மறந்துபோனேன். நாகையா மறக்கவில்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குசினி வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டான்.

"அண்ணி, கொஞ்சம் வாங்க."

போனேன். கேமராவைக் கொடுத்தான். பார்த்தேன்.

"மஞ்சள் இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாருங்க. ஓரம் எப்படி இருக்கு?"

"பொட்டு மாதிரி இருக்கு. எப்பவும் போலத்தான்."

கேமராவை வாங்கி இன்னொரு தரம் பார்த்தான். பிறகு, "எனக்கு முட்டை உடைஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்துக்கு இழுத்து வந்தேன். இடது கண்ணில் கருவிழியைச் சுற்றிச் சிவப்பு. ராத்திரி தூங்கவில்லையா, சோப்புப் பட்டதா, புகையா என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பேட்டரி முந்தாநாள்தான் மாற்றினது. என் கண்ணுக்குப் பொட்டாகத் தெரிகிறது. கேட்க இனி ஒன்றும் இல்லை.

முன்னறைக்கு வந்து அண்ணனிடம் சொன்னான். "அண்ணே, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இன்னைக்கா? வேன் நிக்குதுடா! பக்கிரிசாமி ஆக்கிப்போட்டு வச்சிருப்பாரு."

"டாக்டர் அன்னைக்கே வரச் சொன்னாரு."

"அவரு சொல்லி எத்தனை வருசமாச்சு! ஒரு நாள்ல என்ன ஆகப்போகுது? பரிசத்தை முடிச்சுட்டு நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு முகம் எனக்குத் தெரியலைன்னா?"

தங்கமணி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஆமாம் தங்கமணி, நீ அங்கேதான் இருந்தாய். கண்ணைப் பற்றி அவன் சொன்னது உன் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டாய்.

"அங்க போனா அந்தச் செத்த கண்ணை எடுக்கணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க. எடுங்கன்னு சொல்லப்போறேன்" என்றான் நாகையா. "மூளியா திரும்பி வந்தா வீட்டுல சேர்ப்பீங்களா அண்ணே?"

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதில் சொன்னது மாமியார்தான், வாயால் இல்லை. எழுந்து போய் வாசற்படிக்கு உள்ளே, குறுக்கே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெற்றவளைத் தாண்டிக்கொண்டு எந்தப் பிள்ளை போவான்? நாகையா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். கேமரா கழுத்தில். எப்படித் தெரிகிறது என்று டாக்டருக்குக் காட்டிச் சொல்லத்தான் எடுத்துக்கொண்டான். வாய் திறந்து "அம்மா" என்றான். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். நேரம் போகிறது. அவன் கண்ணில் தண்ணீர் வழிகிறது. அழுகையா, நோவா என்று தெரியவில்லை. தெரியாததுதான் எனக்குப் பயம். நிற்க நிற்க அந்த முட்டை இன்னும் கலைந்துகொண்டே போகிறதோ என்று நினைத்தேன்.

கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரை எதிர்த்து நான் பேசினதில்லை. அன்றைக்குக் குனிந்து அவர் காலைப் பிடித்தேன்.

"அத்தை, ஒரு கண்ணை நீங்க வச்சுக்கிட்டீங்க. இன்னொன்னை அவனுக்கு விடுங்க."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கிழவிக்கு முட்டி பிடிப்பு, ஒரு காலை மடக்கினார், கையால் தூக்கி மற்றதையும் மடக்கினார். ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி கிடைத்தது.

"நானும் வரேன் நாகையா" என்று முந்தானையைச் செருகினேன்.

"வேணாம் அண்ணி. நீங்க கிள்ளானுக்குப் போங்க. நீங்களும் என்கூட வந்துட்டா அந்தப் பொண்ணுகிட்ட யாரு உண்மையைச் சொல்றது? அண்ணன் சொல்லமாட்டாரு."

நான் நின்றுவிட்டேன். அவன் செருப்பை மாட்டினான். கால் தப்பி இரண்டாவது தடவைதான் நுழைந்தது. அம்மாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே இறங்கினான். வேன் டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி, "மாப்பிள்ளை, இந்தப் பக்கம்!" என்றான். நாகையா கையை ஆட்டிவிட்டு பஸ் நிற்கிற பக்கம் திரும்பினான். வீட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் ஒரு பலகை கிடக்கும். தினமும் நடந்த பலகை. அதன் முன்னால் நின்று, ஒரு காலை நீட்டித் தடவிப் பார்த்து, அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த காலை வைத்தான்.